தூக்கிய கை

"என் வகுப்புல என்ன குறை சார்?"

தமயந்தி கேட்டாள்.

தாவீது சார் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

அவளுக்கு எரிச்சலாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் வருஷக்கணக்காகப் பாடம் நடத்திப் பெயர் வாங்கியவள் அவள். கல்லூரி வேலைக்குப் போக வேண்டுமென்று, நாற்பதை நெருங்கும் வயதில் எம்.எட். சேர்ந்திருந்தாள். படிப்பின் ஒரு பகுதியாக, இன்னொரு கல்லூரிக்குப் போய் பி.எட். படிக்கிறவர்களுக்குப் பாடம் நடத்த வேண்டும். நடத்துவதைப் பார்த்து, தேறினாளா இல்லையா என்று சொல்ல வேண்டியவர் தாவீது சார். வயதில் அவளுக்கு இளையவர். அந்த உறுத்தலும் உள்ளே கொஞ்சம் இருந்தது.

தேறாவிட்டால் பழைய பள்ளிக்கூடம்தான். கல்லூரிக்குப் போகிறேன் என்று எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்துவிட்டு வந்த இடம் அது. எந்த முகத்தோடு திரும்பிப் போவாள்?

"கேள்வி கேட்டா அத்தனை பேரும் கை தூக்கினாங்க. பார்த்தீங்கதானே?"

"பார்த்தேன்."

"யாரை எழுப்பினாலும் சரியான பதில் வந்துச்சு."

"வந்துச்சு."

"பிறகு?"

"கடைசி பெஞ்சுல, சன்னல் ஓரமா ஒரு அம்மா தனியா இருந்தாங்களே, அவங்க பேரு என்ன டீச்சர்?"

தமயந்தி யோசித்துப் பார்த்தாள். வரவில்லை.

"கேட்டுட்டு வாங்க," என்று சொல்லிவிட்டு அவர் டம்ளரைக் கழுவ எழுந்து போனார்.

*

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்காரர்களுக்குத் தெரியும், வெளியே சொல்ல மாட்டார்கள்.

அதிகாரி பார்வையிட வரும் நாளில் பிள்ளைகளிடம் சொல்லி வைப்பார்கள். விடை தெரிந்தால் வலது கையைத் தூக்கு. தெரியாவிட்டால் இடது கையைத் தூக்கு. கேள்வி கேட்டதும் மொத்த வகுப்பும் கை தூக்கும். ஆசிரியர் வலது கையாகப் பார்த்து எழுப்புவார். வந்தவர் மனம் குளிர்ந்து போவார்.

தமயந்தி அதை பி.எட். வகுப்புக்கும் கொண்டு வந்தாள். "நாளைக்கு உங்களுக்கும் உதவும்," என்றாள். வகுப்பு சிரித்தது. சட்டென்று பிடித்தும் கொண்டது.

கல்லூரி முதல்வர் எந்த நேரத்தில் எட்டிப் பார்ப்பாரோ தெரியாது. அதனால் தினமும் அதுவே வழக்கமாயிற்று. நல்ல பெயர் வந்துகொண்டிருக்கும்போது யார்தான் நிறுத்துவார்கள்?

சன்னல் ஓரத்து இடது கையை அவளும் பார்க்காமல் இல்லை. பார்த்துவிட்டுத் தாண்டிப் போக அது வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

*

பெயரைக் கேட்க வேண்டும் என்று நினைத்தாள். ஒரு நாள் பாடம் முடிய நேரமாகிவிட்டது. இன்னொரு நாள் மறந்துபோனாள். பிறகு கேட்கப் போனபோது சன்னல் ஓரம் காலியாக இருந்தது.

"முத்துப்பேச்சி அக்கா நின்னுட்டாங்க மேடம்," என்றாள் முன் பெஞ்சுக்காரி. "இனிமே வர மாட்டாங்களாம்."

தமயந்தி நம்பர் வாங்கி, அன்று சாயங்காலமே பேசினாள்.

"உடம்புக்கு ஏதும் முடியலையாம்மா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல மேடம்."

"வீட்டுல வேண்டாங்குதாங்களா?"

"அவங்க படிக்கத்தான் சொல்லுதாங்க."

"பிறகு என்னம்மா?"

அந்தப் பக்கம் யாரோ குழந்தையை அதட்டுவது கேட்டது.

"எனக்கு இது வராது மேடம். முதல்ல ஒரே ஒரு பாடம்தான் புரியல. கேட்டுக்கிடலாம்னுதான் இருந்தேன். பிறகு தினமும் இடது கையைத் தூக்கித் தூக்கி, நமக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எனக்கே நல்லாத் தெரிஞ்சு போச்சு. உங்க மேல வருத்தமில்ல மேடம். நீங்க நல்லா நடத்துதீங்க."

தமயந்தி அவசரமாகச் சொன்னாள்.

"நாளைக்கு வந்து உட்காரும்மா. நான் சொல்லித் தாரேன்."

"பார்க்கேன் மேடம்," என்றாள் முத்துப்பேச்சி. வர மாட்டேன் என்பதை அதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது.

அவள் வரவில்லை.

*

தமயந்திக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது. தாவீது சார் கடைசியாக வந்து பார்க்கும் நாள் நெருங்கியிருந்தது. அவர் அந்த இடத்தைத்தான் முதலில் பார்ப்பார்.

அன்று காலையில் பியூனிடம் சொல்லி, அந்தப் பெஞ்சை எடுத்து வராந்தாவில் போட வைத்தாள். மற்றப் பெஞ்சுகளைக் கொஞ்சம் நகர்த்தினாள். வகுப்பு நிறைவாகத் தெரிந்தது.

தாவீது சார் வந்தார். பின் சுவரைப் பார்த்தார். வெளியே போனார்.

பெஞ்சு தரையில் இழுபடும் சத்தம் கேட்டது.

தானே இழுத்து வந்து, சன்னல் ஓரம் போட்டு, அதில் உட்கார்ந்தார். யாரும் சிரிக்கவில்லை.

"தொடங்குங்க டீச்சர்."

தமயந்தி தொடங்கினாள். முதல் கேள்வியைக் கேட்டாள். எல்லாக் கைகளும் எழுந்தன.

தாவீது சாரும் கை தூக்கினார். இடது கை.

அவள் முன் வரிசையில் ஒரு வலது கையை எழுப்பினாள். சரியான பதில். கைகள் இறங்கின.

அவர் கை இறங்கவில்லை.

பாடம் நடந்தது. அவள் கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதினாள், மறுபடி வகுப்பைப் பார்த்தாள். அந்தக் கை அங்கேயே இருந்தது. அடுத்த கேள்வி கேட்டாள். கை இருந்தது. கை வலித்திருக்க வேண்டும், மற்றக் கையால் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் மறுபடி கை தூக்கவில்லை.

கடைசிக் கேள்விக்கு அந்த அறையில் ஒரே ஒரு கைதான் இருந்தது.

மணி அடித்தது. மாணவர்கள் எழுந்து போனார்கள்.

தமயந்தி கடைசி பெஞ்சுக்கு நடந்தாள். இந்த வகுப்புக்கு வந்ததிலிருந்து அவள் அந்தப் பெஞ்சு வரை நடந்ததில்லை.

"கையை இறக்குங்க சார்."

"என்னை இன்னும் கேக்கலியே டீச்சர்."

அவளுக்குக் கண் நிறைந்தது.

"கேக்கேன் சார். என்ன சந்தேகம்?"

தாவீது சார் யோசித்தார்.

"ஒண்ணு இருந்துச்சு. ரொம்ப நேரம் தூக்கியே இருந்தேனா, என்னன்னு மறந்து போச்சு."

கையை இறக்கி, தோளைத் தடவிக்கொண்டே எழுந்தார்.

"நீங்க உட்காருங்க."

அவள் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தாள். அவர் முன்னால் போய்க் கரும்பலகையைத் துடைத்தார். அவள் எழுதியது எல்லாம் போயிற்று. பிறகு திரும்பினார்.

"முத்துப்பேச்சியைத் திரும்ப எப்படிக் கூட்டிட்டு வாரது?"

பெயர் அவருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது.

"கை தூக்கலாம்," என்றார்.

காலி வகுப்பில் தமயந்தி இடது கையைத் தூக்கினாள்.

அவர் முன் வரிசையிலிருந்து ஒவ்வொரு பெஞ்சாகப் பார்த்துக்கொண்டே வந்தார். சன்னல் ஓரம் வந்ததும் நின்றார்.

"சொல்லுங்க டீச்சர்."