ஏதாவது சந்தேகம் உண்டா?

“ஒரு பிள்ளைகூடக் கேள்வி கேக்கமாட்டேங்குது மேடம்!” என்று வந்து நின்றார் வில்வநாதன்.

கல்லூரியில் தொடர்பியல் பேராசிரியர். எப்படிப் பேசணும், எப்படிக் காது கொடுக்கணும் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிற மனுஷன். அவர் வகுப்பில் மட்டும் கப்சிப்.

ஞானசௌந்தரி மேடம் துறைத் தலைவர். வில்வநாதனின் முனைவர் பட்டத்துக்கு வழிகாட்டியும் அவர்தான். இன்றைக்கும் எதுவானாலும் இவர் ஓடிவருவது அவரிடம்தான்.

“உக்காரு.”

உட்கார்ந்தார். மேடம் பேச ஆரம்பித்தார். பின்னூட்டம் என்றால் என்ன, அதில் எத்தனை வகை, எந்த அறிஞர் என்ன சொன்னார்... அம்மாடி, மூச்சு விடவில்லை. வில்வநாதன் வாயைத் திறந்து திறந்து மூடினார்.

மணி அடித்தது. மேடம் சட்டென்று எழுந்தார். முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னலைச் சாத்தினார். ஃபேனை அணைத்தார். கைப்பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டே கேட்டார்.

“ஏதாவது சந்தேகம் உண்டா?”

“இல்லை மேடம்.”

மாடிப்படி இறங்கிக் கீழே வந்த பிறகுதான் உறைத்தது. அடக் கடவுளே, கேட்க வந்ததையே கேட்கவில்லையே! பல்கலைக்கழகத்தில் ஒரு நிர்வாகப் பதவி தருகிறார்கள். வகுப்பே கிடையாது. இன்று சாயங்காலம் பதில் சொல்லியாக வேண்டும். போகலாமா, வேண்டாமா?

திரும்ப மாடியேறி ஓடினார்.

மேடம் கிளம்பவே இல்லை. ஃபேன் மறுபடி சுற்றிக்கொண்டிருந்தது. வாசலைப் பார்த்தபடி சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“என்னப்பா, சந்தேகம் இல்லைன்னு சொன்னே?”

“எப்படி மேடம் கேக்கறது? நீங்கதான் அந்தப் பக்கம் திரும்பி, பையை மூடிக்கிட்டு...”

“சரி. இதே கேள்வியை வகுப்புல நீ கேக்கும்போது உன் கையில என்ன இருக்கும்?”

வில்வநாதன் தன் சட்டையைப் பார்த்தார். முழங்கை வரை சாக்பீஸ் தூள்.

“டஸ்டர், மேடம்.”

காது சூடாகிவிட்டது அவருக்கு. அப்புறம் சிரிப்பு வந்தது, அடக்கவே முடியவில்லை.

“ஏதோ கேக்க வந்தியே?”

“இப்ப வேண்டாம் மேடம். எனக்குக் கடைசி மணி வகுப்பு இருக்கு.”

கடைசி மணி. பாடம் முடிந்தது. கை தானாக டஸ்டரை எடுத்துவிட்டது. தன்னையே திட்டிக்கொண்டு அதை மேசையில் வைத்தார். நாற்காலியைப் பிள்ளைகள் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

“ஏதாவது சந்தேகம் உண்டா?”

பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சாருக்கு உடம்புக்கு ஏதும் முடியலையோ?

அவர் எழுந்திருக்கவில்லை.

கடைசி பெஞ்சில் ஒரு கை பாதி உயரத்துக்கு வந்தது.

“சார், முதல் செமஸ்டர்ல நடத்துனதுல ஒண்ணு புரியலை. இப்பக் கேக்கலாமா?”

அந்த நேரம் பார்த்துச் செல்போன் அடித்தது. பல்கலைக்கழகத்திலிருந்து.

“என்ன முடிவு பண்ணீங்க சார்?”

“மன்னிக்கணும், நான் வரலை,” என்றார் வில்வநாதன். “இங்க ஒரு பொண்ணு கேள்வி கேட்டிருக்கா!”