மாசிலாமணியின் சாவி

கோத்தகிரிக்கு மேலே, மேகம் இறங்கினால் மட்டும் கண்ணுக்குத் தெரிகிற மலை ஒன்றில் ஒரு மடம் இருந்தது. வெயில் அடித்தால் மலையையும் காணோம், மடத்தையும் காணோம். அங்கே வேதம் ஓதுவதில்லை, மூச்சை அடக்குவதில்லை. தகர ரயில் ஓட்டுவார்கள்.

பழைய தேயிலைக் கிடங்கு ஒன்றின் மரத்தரையில் நீள்வட்டமாகத் தண்டவாளம் போட்டிருந்தது. அதன்மேல் சாவி முறுக்கினால் ஓடும் இஞ்சின்கள். முழங்கை நீளம், ட்ரங்குப் பெட்டி மாதிரி வண்ணம் அச்சடித்த தகர உடம்பு, உள்ளே ஒரு சுருள்வில். வில் விரிகிற வரைக்கும் ஓட்டம்.

குருவின் பெயர் செண்பகவல்லி. வயது நாற்பதைத் தாண்டியிருக்காது. சீடர்கள் எல்லாரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். பேரப்பிள்ளைகளுக்கென்று ரயில் வாங்கி, பேரப்பிள்ளைகள் கண்ணில் படாமல் ஒளித்து வைத்தவர்கள்.

மடத்தில் விதி ஒன்றே ஒன்றுதான். ஒருவர் இஞ்சினை இன்னொருவர் சாவியால் முறுக்கக்கூடாது.

திருவிழாவும் ஒன்றுதான். அதற்குப் பொரி ரயில் என்று பெயர். தை மாதம் ஒருநாள் எல்லாரும் தண்டவாளத்தைச் சுற்றிச் சம்மணம் போட்டு உட்காருவார்கள். மேல்மூடி இல்லாத பெட்டிகளில் பொரியும் பொட்டுக்கடலையும் நிரப்பி ரயிலை விடுவார்கள். உங்கள் முன்னால் வரும்போது ஒரு பிடி எடுத்துக்கொள்ள வேண்டும். அசந்தால் அடுத்த சுற்று வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

அந்த ரயிலை இழுப்பது யாருடைய இஞ்சின் என்பதுதான் அந்த மலையில் பெரிய பதவி. வருஷா வருஷம் அது மாசிலாமணிக்கே போயிற்று.

அதுதான் பல் வைத்தியர் திருவேங்கடத்தை அரித்துத் தின்றது.

மாசிலாமணி லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தவர். அவர் இஞ்சினுக்குப் புகைபோக்கி கிடையாது. அது இருந்த இடத்தில் தைலப் புட்டியின் மூடி ஒட்டியிருக்கும். வாசற்கதவுக்கு அடித்து மிஞ்சிய பெயின்ட்தான் அதன் நிறம். சாவியின் ஒரு காது ஒடிந்துபோய், ஸ்பூன் காம்பை வளைத்து அங்கே பற்றவைத்திருந்தார்.

வைத்தியரின் இஞ்சினோ கப்பல் ஏறி வந்தது. பச்சை உடம்பில் பொன்கோடு. வந்த அட்டைப்பெட்டி அப்படியே இருக்கிறது, பெட்டிக்குள் சுற்றிய காகிதமும் இருக்கிறது. வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டுதான் அதைத் தொடுவார்.

"பல்லுப் புடுங்கப் போறீங்களா, ரயில் விடப் போறீங்களா?" என்று மாசிலாமணி கேட்பார். எல்லாரும் சிரிப்பார்கள். வைத்தியரும் சிரிப்பார். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு அவருக்கு இறங்காது.

ஒருநாள் வைத்தியர் குருவிடம் போனார்.

"அம்மா, ஒரு கேள்வி."

"கேளுங்க வைத்தியரே."

"அந்த ஓட்டை இஞ்சின்கிட்ட என்ன இருக்கு? என்னோடதுகிட்ட என்ன இல்லை?"

குரு வாயைத் திறந்தார்.

"சுத்துப் பாதையில யார் முன்னாடி, யார் பின்னாடின்னு ஆரம்பிச்சுடாதீங்க. அதைப் போன மாசமே நம்ம கூட்டத்துத் தாவூது பாய்க்குச் சொல்லிட்டீங்க."

அதையே சொல்ல வாயெடுத்த குரு, வாயை மூடிக்கொண்டார். கொஞ்சம் யோசித்தார்.

"சரி. ஓட்டிக் காட்டுங்க."

வைத்தியர் கையுறை மாட்டினார். இஞ்சினைக் காகிதத்திலிருந்து பிரித்தார். சாவி இனிமேல் திரும்பாது என்கிற வரைக்கும் முறுக்கித் தண்டவாளத்தில் வைத்தார். பின்னால் ஒரு பெட்டிகூட மாட்டவில்லை.

இஞ்சின் சீறிக்கொண்டு கிளம்பியது. ஜன்னலோர வளைவில் அது வளையவில்லை. நேராக ஜன்னல் வழியாகப் போய்விட்டது.

கீழே கேரட் வயல். கேரட் பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள் அதையும் சேர்த்துக் கட்டி லாரியில் ஏற்றிவிட்டார்கள். மேட்டுப்பாளையம் மண்டியில் ஒரு கட்டு மட்டும் எடை கூடுகிறதே என்று பிரித்துப் பார்த்தபோதுதான் அகப்பட்டதாம். நான் பார்க்கவில்லை, கேரட் வாங்கியவர் சொன்னது.

திரும்பி வந்த இஞ்சினின் பொன்கோட்டில் ஒரு கீறல். வைத்தியர் அதைத் தடவிக்கொண்டே குரு முன்னால் உட்கார்ந்தார்.

"பெட்டி மாட்டலையே, ஏன்?"

"மாட்டினா கொக்கி தேஞ்சுடும்மா."

"இழுக்க ஒண்ணும் இல்லாம முழுசா முறுக்கினா பறக்கத்தான் செய்யும்."

"நான் வேற நெனச்சேன். மாசிலாமணி அந்த வளைவை நெம்பி வச்சிருப்பாரோன்னு."

"அவர் அன்னிக்கு ஊர்லயே இல்லையே."

"ஊர்ல இல்லாமலே செய்யக்கூடிய ஆளும்மா அவரு."

குரு எழுந்து போய்விட்டார்.

பொரி ரயில் நாள் வந்தது. காலையில் எல்லாரும் இட்லிப் பந்தியில் இருந்தார்கள். கிடங்கில் மாசிலாமணியின் மஃப்ளர் ஆணியில் தொங்கியது. அதோடு அவர் சாவியும் கயிற்றில் தொங்கியது. அந்த வழியாக வந்த வைத்தியர் நின்றார். கை தானாகப் போனது என்று பிறகு தனக்குச் சொல்லிக்கொண்டார். கை அப்படியெல்லாம் தானாகப் போவதில்லை. சாவியைக் கயிற்றிலிருந்து உருவி, தன் சாவி கிடந்த அதே கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

பொரி நிரப்பியாயிற்று. எல்லாரும் உட்கார்ந்தாயிற்று. மாசிலாமணி மட்டும் உட்காரவில்லை. மஃப்ளரை உதறினார். பனியனுக்குள் பார்த்தார். டீக்கெட்டிலின் மூடியைத் திறந்து அதற்குள்ளும் பார்த்தார்.

"பாய், கொஞ்சம் எந்திரிங்க."

"நான் அப்பவே எந்திரிச்சுப் பாத்துட்டேன்யா. எனக்கடியில இல்லை."

"இங்கதான் மாட்டினேன்."

"வேற சாவி போடலாமே" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

"விதி இருக்குல்ல" என்றார் மாசிலாமணி. கயிற்றை ஒருமுறை பார்த்துவிட்டு, தன் இஞ்சினைத் தூக்கி ஓரமாக வைத்தார். அதன் தலையிலிருந்த தைலமூடியை விரலால் ஒருமுறை தட்டிவிட்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

குரு திரும்பினார். "வைத்தியரே, உங்க இஞ்சின்."

இந்த வார்த்தையை வைத்தியர் எத்தனையோ தடவை மனசுக்குள் கேட்டிருக்கிறார். எழுந்தார். பச்சை இஞ்சினைத் தண்டவாளத்தில் வைத்தார். கொக்கியைத் தானே பொரிப்பெட்டியில் மாட்டினார். அது தேய்வதைப் பற்றி இன்றைக்கு அவருக்குக் கவலையில்லை. கோட்டுப் பைக்குள் கையை விட்டுச் சாவியை எடுத்து முறுக்க ஆரம்பித்தார்.

சாவியை அவர் பார்க்கவில்லை. இஞ்சினையும் பார்க்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த மாசிலாமணியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே முறுக்கினார். வயிற்றெரிச்சல் ஒரு முகத்தில் எந்த இடத்தில் ஆரம்பிக்கும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். கண்ணுக்குக் கீழே. அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடக்கென்று சாவி வழுக்கியது.

வைத்தியர் குனிந்தார். வெள்ளைக் கையுறையின் பிடியில் ஸ்பூன் காம்பு பளபளவென்று மின்னியது.

எல்லாரும் பார்த்தார்கள். ஜன்னல் வழியாக உள்ளே வந்துகொண்டிருந்த மேகம்கூட, இது நாம் இருக்க வேண்டிய இடமில்லை என்று வந்த வழியே திரும்பிப் போயிற்று.

தாவூது பாய் மெதுவாக ஆரம்பித்தார். "அம்மா, அந்தச் சாவி வந்து..."

"பொரி நமத்துப்போகுது பாய்" என்றார் குரு.

மாசிலாமணி சாவியைப் பார்த்தார். பிறகு வைத்தியரைப் பார்த்தார். ஆணியில் வெறுமனே தொங்கிய கயிற்றை ஒருமுறை பார்த்தார். முட்டி போட்டுத் தண்டவாளத்தைத் தாண்டி நகர்ந்து வந்தார்.

"அது வழுக்கும் வைத்தியரே. ஸ்பூன் பக்கமா கட்டைவிரலை அழுத்திப் புடிங்க. ஆங், அப்படித்தான். இன்னும் கொஞ்சம் தாங்கும்."

வைத்தியர் கட்டைவிரலை அழுத்தினார். முறுக்கினார். கையை எடுத்தார்.

ரயில் கிளம்பியது. கனம் பின்னால் இருந்ததால் இஞ்சின் சீறவில்லை. நிதானமாகப் போயிற்று. கைகள் நீண்டன, பொரி குறைந்தது. வைத்தியரின் முன்னால் வந்தபோது அவர் கை நீளவில்லை. அடுத்த சுற்றிலும் நீளவில்லை.

"நல்லா இழுக்குதுய்யா பச்சை" என்றார் மாசிலாமணி, வாய் நிறையப் பொரியோடு. தன் இஞ்சினுக்குச் சொல்வதுபோலவே சொன்னார்.

வில் விரிந்து ரயில் நின்றது. எல்லாரும் டீ குடிக்க வெளியே போனார்கள். வைத்தியர் எழுந்திருக்கவில்லை. குரு வந்து தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். காலிப் பெட்டியின் மூலையில் ஒட்டியிருந்த பொட்டுக்கடலையை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

"கேள்வி ஏதும் இருக்கா வைத்தியரே?"

"இல்லைம்மா."

"அப்ப நான் கேக்கறேன். இன்னிக்கு அந்த ஜன்னலோர வளைவுல உங்க இஞ்சின் எப்படிப் போச்சு?"

வைத்தியர் வளைவைப் பார்த்தார். அங்கே இப்போது ஒன்றும் இல்லை.

"நான் பாக்கலைம்மா."

குரு ஒரு கடலையை வாயில் போட்டுக்கொண்டார்.

"அவரு ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்" என்றார் வைத்தியர். "எல்லார் முன்னாடியும் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தா நானும் ஏதாவது சொல்லிச் சமாளிச்சிருப்பேன். கட்டைவிரலை எங்க வைக்கணும்னு சொல்லிக்கொடுக்கறாரு. எனக்கு அது வராதும்மா. ஏழு ஜென்மம் எடுத்தாலும் வராது. இத்தனை நாள் அவரோட இஞ்சினைப் பார்த்துத்தான் எரிஞ்சேன். இப்ப இதுக்கும் சேர்த்து எரியுது."

குரு சிரித்துவிட்டார். வைத்தியருக்குச் சிரிப்பு வரவில்லை.

வெளியிலிருந்து மாசிலாமணியின் குரல் கேட்டது. "வைத்தியரே, டீ ஆறுது. வர்றீங்களா, உங்க பங்கையும் நானே குடிச்சிடவா?"

வைத்தியர் கையுறையைக் கழற்றினார். வெறும் உள்ளங்கையில் சாவியை வைத்துக் குருவிடம் நீட்டினார்.

"நீங்களே குடுத்துடுங்கம்மா. எங்கேயோ கெடந்ததுன்னு சொல்லிடுங்க. அவரு நம்பமாட்டாரு. ஆனா நம்பின மாதிரி இருப்பாரு."

குரு கையை நீட்டவில்லை. பெட்டியில் கடைசியாக இருந்த கடலையையும் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"இந்த மலையிலேயே அவரால செய்ய முடியாத காரியம் ஒண்ணே ஒண்ணு இருக்கு வைத்தியரே, அவர் சாவியை அவர்கிட்டத் திருப்பிக் குடுக்கறது. அது இப்ப உங்க கையில இருக்கு. அதைப் போய் என்கிட்ட நீட்டறீங்களே."