மையித்தைக் குளிப்பாட்டியவர்

“ஒரு பொய் சொல்லலாமா, ஹஜ்ரத்?”

அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் காலியாகியிருந்தது. பள்ளிவாசல் இமாமான ஹஜ்ரத்திடம் கேட்டவர் நூகு. ஊரில் ஆண்கள் யார் மவுத்தானாலும் உடலைக் குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றுகிறவர். ஐம்பதைத் தாண்டியவர்.

“யாருக்காக?”

“மக்தூமுடைய மகள் ரமீஜாவுக்காக. வெள்ளிக்கிழமை நிக்காஹ். மக்தூமுக்கு வெண்குஷ்டம் இருந்துச்சுன்னு எவனோ கிளப்பி விட்டுட்டான். போன மாசம் அவர் மையித்தைக் குளிப்பாட்டினது நான். மாப்பிள்ளையோட வாப்பா ஈசா மரைக்காயர் என்கிட்ட கேட்க வந்துக்கிட்டிருக்கார்.”

“வரட்டுமே.”

“குளிப்பாட்டுறவன் கண்டது அமானிதம், நம்பி ஒப்படைச்சது, கபுர்க் குழியோடு போகணும்னு நீங்கதானே சொன்னீங்க? ஆனா நான் வாயை மூடிக்கிட்டா, இருந்துச்சுன்னுதானே நினைப்பாங்க? அந்தப் புள்ள வாழ்க்கை என்னாகும்? உங்ககிட்ட மட்டும் சொல்றேன். நான் பார்த்தது என்னன்னா...”

ஹஜ்ரத் சட்டென்று அவர் வாயைப் பொத்தினார்.

“உங்ககிட்டயும் சொல்லக் கூடாதா?”

“மக்தூம் உடம்பை உன் கையில கொடுத்தாங்க. என் காதுல கொடுக்கலையே.”

ஈசா மரைக்காயர் வந்தார். ஸலாம் சொன்ன மூச்சிலேயே கேட்டார்.

“நூகு, ஒரே வார்த்தை. இருந்துச்சா, இல்லையா?”

“கேட்காதீங்க காக்கா.”

“அப்ப இருந்துச்சு.”

“நான் அப்படிச் சொல்லலை.”

“இல்லைன்னும் சொல்லலையே. வாயில என்ன கொழுக்கட்டையா?”

‘இல்லை’ என்ற சொல் நூகுவின் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினார்.

“எங்க வாப்பாவைக் குளிப்பாட்டினதும் நீதான். அந்த உரிமையில கேட்கிறேன்.”

“அவங்களைப் பத்தி விசாரிச்சும் ஆள் வந்துச்சு காக்கா.”

ஈசாவின் முகம் மாறியது. வாப்பா மவுத்தான வருஷம்தான் அவர் தங்கைக்கு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள். கல்யாணமும் நடந்தது. அவளுக்கு இப்போது பேரன் பேத்திகள்.

“யார் வந்தா?”

நூகு தலையாட்டி மறுத்தார்.

“நீ என்ன சொன்னே?”

“இப்ப உங்ககிட்ட சொன்னதைத்தான்.”

ஈசா தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். ஹஜ்ரத் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு ஈசா எழுந்தார்.

“ஹஜ்ரத், வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சதும் நிக்காஹ். நீங்கதான் ஓதணும்.”

வாசல்வரை போனவர் திரும்பினார்.

“நூகு, சாட்சிக் கையெழுத்து நீ போடுறே.”