ஐந்து சாண் சட்டை

முன்னொரு காலத்தில், அரசர் சிரிப்பதற்கே பயந்துகொண்டிருந்த ஒரு நாடு இருந்தது. அரசர் பெயர் அழகபூபதி. முடிசூட்டிய நாளில் அவர் மார்பைச் சுற்றி ஐந்து சாண்தான் என்று அரண்மனைத் தையல்காரர் அளந்து சொன்னார். அன்றிலிருந்து புலவர்கள் காலைதோறும் 'ஐந்து சாண் மார்பரே' என்று பாடி அவரை எழுப்பினார்கள். ஆண்டுகள் போயின, நெய்ச்சோறும் வயிற்றுக்குள் போயிற்று. மார்பு வளர்ந்தது, பாட்டு மட்டும் வளரவில்லை. பாட்டுக்குப் பொருந்த வேண்டும் என்று அரசர் அதே ஐந்து சாணில் சட்டை தைக்கச் சொல்லிவிட்டார்.

இரண்டு சேவகர்கள் இழுத்துப் பிடித்தால்தான் நாடாக்கள் முடிச்சுக்கு வரும். ஒருமுறை விகடகவி விருத்தகிரி சொன்ன வேடிக்கைக்கு அரசர் சிரித்ததில் மேல் முடிச்சு அறுந்து தெறித்துப் போய்ச் சேனாபதியின் மூக்கில் பட்டது. அதன்பிறகு அரசர் சிரிப்பதை நிறுத்திவிட்டார். சிரிக்காத அரசருக்கு விகடகவி எதற்கு? விருத்தகிரிக்கு இதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் அவன் பொறுக்கமாட்டாமல், அரசருக்கு மூச்சு விட இடம் இருக்கிறதா என்று சபையிலேயே கேட்டுவிட்டான். அரசரின் முகம் சிவந்தது.

இதற்காகவே காத்திருந்தவர் பொக்கிஷதாரர் வயிரவநாதர். மூங்கில்போல் ஒல்லியான மனிதர். அது வெளியே தெரியக்கூடாது என்று தொளதொளவென்று அங்கி அணிந்திருப்பார். காற்றடித்தால் அங்கி ஒரு பக்கம் போகும், அவர் ஒரு பக்கம் போவார். அங்கிக்கு வெளியே தெரிவது நீண்ட விரல்கள் மட்டும்தான்.

"அரசே, விருத்தகிரி தங்களைச் சட்டை செய்வதே இல்லை" என்றார் அவர்.

அரசர் விகடகவியைப் பார்த்தார். "வசந்த விழாவுக்குள் நீ என்னைச் சட்டை செய்தாக வேண்டும். இல்லையென்றால் நாட்டைவிட்டுப் போய்விடு."

விருத்தகிரி பணிவாகக் கும்பிட்டான். "செய்கிறேன் அரசே. துணி எங்கே?"

சபை சிரிப்பை விழுங்கியது. அரசரின் உதடும் ஒரு கணம் துடித்தது, ஆனால் கை தானாகவே மேல் முடிச்சைப் பிடித்துக்கொண்டது.

வயிரவநாதர் விடவில்லை. சட்டைதான் என்றால் அப்படியே ஆகட்டும், ஆனால் துணி ஐந்து சாண் இருக்க வேண்டும், ஒரு விரல் கூடினாலும் அரசரைப் பருத்தவர் என்று சொன்ன குற்றம் சேரும் என்றார். பொருந்தாமல் போனால் நாடு கடத்தல். அரசரும் சம்மதித்தார்.

விருத்தகிரி வீட்டுக்குப் போய்த் தன் கையை விரித்துப் பார்த்தான். குட்டையான விரல்கள். இந்தக் கையால் அளந்தால் சட்டை அரசரின் முதுகோடு முடிந்துவிடும். பொக்கிஷதாரரின் கைகள் அப்போதுதான் அவன் நினைவுக்கு வந்தன. அன்று அவன் வயிறாரச் சாப்பிட்டான்.

விழா நாளில் சபை நடுவே பட்டுத்துணியை விரித்தான். தான் அளந்தால் ஏமாற்றிவிட்டதாக யாராவது சொல்லக்கூடும், நேர்மைக்குப் பேர்போன பொக்கிஷதாரரே அளந்து கொடுத்தால் ஊர் நம்பும் என்றான். வயிரவநாதருக்கு உச்சி குளிர்ந்தது. அரசரின் துணியில் கஞ்சத்தனம் காட்டியதாகப் பேச்சு வரக்கூடாதே என்று விரல்களை நண்டுபோல அகல விரித்து ஐந்து சாண் அளந்தார்.

"ஒரு விரலாவது கூடியிருக்குமோ, ஐயா?" என்று விருத்தகிரி கவலையோடு கேட்டான்.

"மயிரிழைகூடக் கூடவில்லை" என்று அவர் சபை அறியச் சொன்னார்.

அங்கேயே வெட்டி, அங்கேயே தைத்தார்கள். அரசர் அணிந்தார். சேவகர்கள் பழக்கத்தில் இழுக்கப் போனார்கள், இழுக்க வேண்டியிருக்கவில்லை. முடிச்சுகள் தாமாகவே வந்து சேர்ந்தன. அரசர் மெல்ல மூச்சை இழுத்தார். இன்னும் இழுத்தார். இடம் இருந்தது.

"இது ஐந்து சாண்தானா?"

"அளந்தவரையே கேளுங்கள், அரசே."

வயிரவநாதர் வாயைத் திறந்தார். கூடுதல் என்றால் தன் அளவு பொய். தன் கை பெரிது என்றால் அரசரின் மார்பும் பெரிது என்றாகும். "ஐந்தேதான் அரசே" என்றார் ஈனமான குரலில்.

அரசர் அந்த நீண்ட விரல்களைப் பார்த்தார், குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். புரிந்துவிட்டது. தோள் குலுங்கத் தொடங்கியது. சேனாபதி சட்டென்று மூக்கை மூடிக்கொண்டார். அரசர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஒரு முடிச்சும் அசையவில்லை.

கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி விருத்தகிரிக்குப் போட்டுவிட்டு, வேறென்ன வேண்டும் என்று கேட்டார்.

"மிச்சத் துணியில் என் கையால் ஐந்து சாண் அளந்து பொக்கிஷதாரருக்கும் ஒன்று தைக்க அனுமதி வேண்டும், அரசே. அவர் உடம்புக்குச் சரியாக இருக்கும். இத்தனை காலம் நான் அவரைச் சட்டை செய்ததே இல்லை."