பணிப்பாளர் பிடுங்கிய பலகை

முள்ளிப்பாட்டுக் கடற்கரை முழுக்கக் கருமணல். அள்ளினால் கப்பல் கப்பலாக இல்மனைட் தாது, நல்ல விலை. சண்டையில் அங்கிருந்து ஓடிய சனமோ இன்னும் முகாமில். அந்தக் கரையில் மிதிவெடி கிளறி எடுத்து முடித்தவள் எமில்டா.

வெடி அகற்றும் வேலைக்குப் பொறுப்பான பணிப்பாளர் அவளைக் கூப்பிட்டார்.

"வெடி இருக்குதெண்டு பலகை நிக்கட்டும். வியாழக்கிழமை மணல் அள்ளுற கொம்பனி காணி பார்க்க வருது. சனம் வந்து குந்தினால் அவைக்குக் காணி குடுக்கேலாது. பலகையில கை வைச்சியோ, உனக்கு வேலை இல்லை."

"நான் தொடமாட்டன் ஐயா," என்றாள் எமில்டா. அன்றைக்கே முகாமுக்குப் போய், வியாழக்கிழமை வலையோடு வரும்படி சனத்திடம் சொன்னாள்.

வியாழக்கிழமை கொம்பனிக்காரர் வந்தார்கள். மண்டையோட்டுப் பலகையைக் கண்டதும் திரும்பி வண்டியில் ஏறப் பார்த்தார்கள்.

"வெடியெல்லாம் எடுத்தாச்சு, வாங்கோ!" என்று பதறினார் பணிப்பாளர்.

"அப்ப எங்கட வழக்கப்படி செய்யுங்கோ ஐயா," என்றாள் எமில்டா. "வெடி இல்லையெண்டு சொல்லுறவர்தான் முதல்ல நடந்து காட்டவேணும்."

கொம்பனிக்காரரும் அதுதான் சரியென்று தலையாட்டினார்கள். பணிப்பாளர் ஆத்திரத்தில் பலகையைப் பிடுங்கி எறிந்தார். கரையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை விறுவிறுவென்று நடந்தார்.

திரும்பிப் பார்த்தால், அவருடைய சப்பாத்துத் தடத்திலேயே அறுபது குடும்பம் வந்து இறங்கியிருந்தது. வலை காய்ந்தது. மூன்று கல் அடுப்பில் தேத்தண்ணி கொதித்தது.

எமில்டா அவருக்கும் ஒரு கோப்பை நீட்டினாள்.

"பலகையை நான் தொடவேயில்லை ஐயா."