தளவாய் ஏற்றிய தீப்பந்தம்

முன்னொரு காலத்தில் கருங்குன்ற நாட்டை மகுடபூபதி என்றொரு ராஜா ஆண்டு வந்தான். ஆண்டு வந்தான் என்பது மரியாதைக்குச் சொல்வது. காலையில் அவன் மனதில் தோன்றியது மாலையில் சட்டமாகிவிடும், அவ்வளவுதான் ஆட்சி.

ஒருநாள் அவனுக்குக் கத்தரிக்காய் மேல் ஆசை வந்தது. கீழக்காட்டு உழவர்களின் நிலத்தை வளைத்து அரண்மனைத் தோட்டமாக்கினான். நிலத்தை இழந்தவர்களே கூலியில்லாமல் நாற்றும் நட வேண்டும் என்றான். "நட மாட்டோம்" என்று ஊரைத் திரட்டி நின்றாள் உழவர் வீட்டுப் பெண் வெள்ளச்சி. வெளியூர் ஆட்களை இழுத்து வந்து நட்டார்கள்.

நாற்று வேர்பிடித்ததும் வந்தது வினை. விடிந்து பார்த்தால் செடிகள் அடித்தண்டில் அறுபட்டுக் கிடக்கும். கத்தி வைத்தது போன்ற வெட்டு. தளவாய் வீரகேசரி விலங்கு பூட்டி வெள்ளச்சியைச் சபைக்கு இழுத்து வந்தான்.

"மகாராஜா, இவள்தான் ஆள் வைத்து அறுக்கிறாள்!"

"உன் வீரர்கள் விடிய விடியக் காவல் நிற்கிறார்களே, யாரையாவது கண்டார்களா?" என்று கேட்டார் அமைச்சர் சிற்றம்பலம். நிலத்தைப் பறிக்க வேண்டாம் என்று முதலில் சொன்னவர் அவர்தான். ராஜா அவரிடம் யோசனை கேட்பதே தளவாய்க்கு ஆகாது.

"காணவில்லை. அதுதான் இவள் சாமர்த்தியம்!"

"காணாததெல்லாம் சாட்சியா, தளவாயாரே?"

ராஜா கொட்டாவி விட்டான். "நாளைக்குள் வேறு திருடனைக் காட்டும், அமைச்சரே. இல்லையென்றால் இவள் கையை வெட்டிவிடலாம்."

வெள்ளச்சி அமைச்சரைப் பார்த்தாள். கெஞ்சும் பார்வை இல்லை அது. 'இத்தனை காலம் இந்தச் சபையில் உட்கார்ந்து என்ன கிழித்தாய்' என்று கேட்கும் பார்வை. சிற்றம்பலத்துக்கு அது தைத்தது.

அவர் நேரே தோட்டத்துக்குப் போனார். சுற்றிலும் காவலுக்கென்று கம்பம் நட்டுத் தீப்பந்தம். காவலர் பதுங்கி நிற்க வசதியாக வரப்பெல்லாம் களை புதராக வளர்ந்திருந்தது. பந்தத்துக்குப் பக்கத்துப் பாத்திகளில்தான் சேதம் அதிகம். அறுபட்ட நாற்றொன்று பாதி மண்ணுக்குள் இழுபட்டிருந்தது. எந்த மனிதன் செடியை அறுத்து மண்ணுக்குள் இழுப்பான்? விரலால் மண்ணைக் கிளறினார். பிறகு மெல்லச் சிரித்துக்கொண்டார்.

மறுநாள் சபையில் சொன்னார்: "திருடர்கள் அகப்பட்டார்கள், மகாராஜா. பகலெல்லாம் தோட்டத்திலேயே உறங்குகிறார்கள். பெற்றவள் எந்த எல்லைக் காவலுக்கும் அடங்காமல் நாடு நாடாகத் திரிபவள். அவளுக்கு விளக்கேற்றி அழைத்து, பிள்ளை பெற இடமும் கொடுத்தவர் ஒருவர் உண்டு. அவருக்கு என்ன தண்டனை?"

கீழக்காட்டு ஆள் ஒருவரைத்தான் சொல்கிறார் என்று நினைத்துத் தளவாய் துள்ளி எழுந்தான். "திருடனுக்கு உள்ளதே அவனுக்கும்! கையை வெட்ட வேண்டும்!"

"அப்படியே ஆகட்டும்" என்றான் ராஜா.

சபையே தோட்டத்துக்கு வந்தது. விழுந்த நாற்றின் அடியில் சிற்றம்பலம் மண்ணைக் கிளறினார். எண்ணெய் பூசினாற்போல் மினுங்கும் கருத்த புழு ஒன்று வளையமாகச் சுருண்டது.

"வெட்டுப்புழு, மகாராஜா. இருட்டில் மேலே வந்து அறுக்கும், விடிந்தால் மண்ணுக்குள் போய்விடும்." இன்னும் தோண்டினார். பழுப்பு நிறக் கூடொன்று வந்தது. "இதற்குள் இருப்பது நாளை அந்துப்பூச்சியாகப் பறக்கும். அந்தப் பூச்சிக்கு வெளிச்சமென்றால் உயிர். நடவுக்கு முன்பிருந்தே பந்தம் எரிகிறது. பூச்சி வந்தது, களையில் முட்டையிட்டது, பிறந்த புழு பாத்திக்கு இறங்கியது. பக்கத்து இருட்டு வயலில் நாற்று நிற்கிறது, பாருங்கள்."

"பந்தம் ஏற்றியது யார்?" என்றான் ராஜா.

சபையே தளவாயின் பக்கம் திரும்பியது. தளவாய் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கை இருக்கட்டும், மகாராஜா. புழு பொறுக்க வேண்டுமே" என்றார் சிற்றம்பலம்.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். அமைச்சருக்குத் தன் முத்துமாலையைப் போட்டான். விலங்கு கழன்ற வெள்ளச்சியிடம், "நீயும் ஊராரைக் கூட்டி வந்து பொறுக்கு" என்றான்.

"பந்தம் நாங்கள் ஏற்றவில்லை, ராஜா. நிலம் எங்கள் கைக்கு வரட்டும், பொறுக்குகிறோம்."

சிற்றம்பலம் மாலையைக் கழற்றி ராஜாவின் காலடியில் வைத்தார். "இதற்குப் பதில் அதைக் கொடுங்கள்."

புழுவைப் பார்த்ததிலிருந்தே ராஜாவுக்குக் கத்தரிக்காய் கசந்துவிட்டது. "எடுத்துக்கொண்டு போங்கள்" என்று கையை உதறினான். அது நீதியல்ல, அருவருப்பு. இருந்தாலும் நிலம் திரும்பியது.

அன்று தளவாய் குந்தி உட்கார்ந்து பானையில் புழு பொறுக்கினான். தங்கள் முறை நாளைக்கு என்று கீழக்காடே வரப்பில் நின்று பார்த்தது.

"தளவாயாரே, அவசரப்படாதீர்" என்றாள் வெள்ளச்சி. "அந்தப் பாத்தியில் இன்னொன்று நெளிகிறது. அது எங்கள் பாத்தி."