ஆபீஸ் டெலிவரி

கோபிச்செட்டிபாளையத்தில் கோகிலவாணி என்று ஒருத்தி இருந்தாள். இணையத்தில் இரும்பு தோசைக்கல் விற்பவள். கனத்தை ஊர் ஊராக அனுப்பியே பிழைக்கிறவள் என்பதால், பார்சல் அனுப்புவதில் சந்தேகம் வந்த சின்ன வியாபாரிகள் எல்லோரும் அவளைத் தேடிப் போனார்கள். அவளுக்கு ஆசிரமம் எதுவும் கிடையாது. அரிசி மில்லுக்குப் பின்னால் தகரம் வேய்ந்த ஒரு ஷெட் உண்டு. கேட்ட கேள்விக்கு அவள் வாயால் பதில் சொல்வதும் அபூர்வம்.

இலவம்பஞ்சுத் தலையணை விற்கும் ஒருவர் ஒருநாள் வந்து புலம்பினார். கூரியர்காரர்கள் எடையைப் பார்க்காமல் பெட்டியின் அளவைப் பார்த்துப் பணம் கேட்கிறார்கள் என்றார். கோகிலவாணி அவர் கொண்டுவந்த பெட்டியைத் தரையில் வைத்தாள்.

“உக்காருங்க,” என்றாள்.

அவர் உட்கார்ந்தார். பெட்டி அமுங்கிப் பாதியாயிற்று. எழுந்து அதைச் சற்று நேரம் பார்த்தவர், கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டார். அதன் பிறகு தலையணையை அமுக்கிக் கட்டித்தான் அனுப்புகிறார்.

நம் ஆள் அவ்வளவு சுலபமானவர் அல்ல. உடுமலை திருமூர்த்தி, அவளைவிட வயதில் பெரியவர். நூல் மில்லில் கணக்குப் பிரிவில் இருந்தவர். மில் மூடியதும் மனைவி சிவகாமியின் வியாபாரத்துக்குத் தானே மேனேஜர் ஆகிக்கொண்டார். யாரும் அவரை நியமிக்கவில்லை.

சிவகாமி செய்தது பிரசவ லேகியம். பிள்ளை பெற்றவர்கள் உடம்பு தேற, காலையில் வெறும் வயிற்றில் ஓர் உருண்டை சாப்பிடுவார்களே, அது. சுக்கும் திப்பிலியும் இடித்து, கருப்பட்டிப் பாகில் போட்டு, நெய்யும் நல்லெண்ணெயும் ஊற்றி, உருளியில் கை வலிக்கக் கிண்டுவாள். கண்ணாடி பாட்டிலில் அடைத்து, வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுக்கும் கூரியரில் அனுப்பி வந்தாள்.

அப்போதெல்லாம் சிவகாமியின் போனுக்குக் குரல் செய்திகள் வரும். “அக்கா, லேகியம் அருமைங்க்கா, எங்கம்மா செஞ்ச மாதிரியே இருக்குது.” பின்னாலேயே ஒரு பச்சைக்குழந்தை வீறிடும். சிவகாமி அந்தக் குரல்களைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டபடியே கிண்டுவாள். அவளுக்குச் சம்பளம் என்றால் அதுதான்.

மேனேஜர் வந்ததும் கூரியர் செலவைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். தெருக்கோடியிலேயே ஒரு லாரி பார்சல் சர்வீஸ் இருந்தது. அதில் இரண்டு வகை. வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பது ஒன்று. பார்சல் போய்ச் சேரும் ஊரில், வாங்குகிறவரே அவர்கள் ஆபீசுக்குப் போய் எடுத்துக்கொள்வது இன்னொன்று. ஆபீஸ் டெலிவரி என்று பேர். செலவு பாதிக்கும் கீழே. திருமூர்த்தி அதைப் பிடித்துக்கொண்டார். விளம்பரத்தில் ‘டெலிவரி இலவசம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டார்.

அன்றிலிருந்து குரல்கள் நின்றன.

கொஞ்ச நாளில் ஆர்டரும் இளைத்தது. சிவகாமி தன் கையைத்தான் சந்தேகப்பட்டாள். காரம் அதிகமோ என்று சுக்கைக் குறைத்தாள். அப்புறம் நெய்யைக் கூட்டினாள். ஒரு குரலும் வரவில்லை.

“நல்லாத்தானே இருக்குது, சிவகாமி,” என்றார் திருமூர்த்தி, ஒரு விரல் தொட்டு நக்கிவிட்டு.

“உங்களுக்கு நல்லாத்தான் இருக்கும். சாப்பிட்டவங்க வாயத் தொறக்கலையே. என் கை போயிருச்சுங்க. இந்தத் தடவையோட போதும். உருளியக் கழுவிப் பரண்ல ஏத்திருங்க.”

கல்யாணம் ஆன நாளாய் அந்த உருளி அடுப்படியைவிட்டு நகர்ந்து திருமூர்த்தி பார்த்ததில்லை. உருளி பரணுக்குப் போனால் அதோடு சிவகாமியின் பாதியும் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். பயந்துபோனார். பயத்திலும் கணக்குதான் ஓடியது. இன்னும் மலிவாக அனுப்ப ஒரு வழி கிடைத்தால் விலையைக் குறைக்கலாம், குறைத்தால் ஆர்டர் வரும், வந்தால் அவள் மனசு மாறும். இரண்டு பஸ் மாறி கோபிக்குப் போனார்.

கோகிலவாணி ஒரு தோசைக்கல்லுக்குச் சாக்கு சுற்றிக்கொண்டிருந்தாள்.

“அம்மணி, லேகியம் அனுப்பணும். எதுல அனுப்புனா ரொம்பச் சீப்பா இருக்கும்?”

“இப்ப எதுல அனுப்பறீங்ணா?”

“லாரி பார்சல். ஆபீஸ் டெலிவரி. அதுக்கும் கீழ ஏதாவது இருக்குதான்னுதான் வந்தேன்.”

அவர் மாதிரிக்குக் கொண்டுபோன பாட்டிலை வாங்கிக் கையில் தூக்கிப் பார்த்தாள்.

“லேகியத்தவிட பாட்டில் கனமாட்ட இருக்குதுங்களே. டப்பாவுல போடலாமில்லைங்களா?”

“கண்ணாடின்னாத்தான் அம்மணி மதிப்பு.”

அவள் தலையாட்டினாள். பிறகு, “அக்கா எப்படி இருக்காங்க?” என்று கேட்டாள்.

திருமூர்த்தி பார்சல் பேச வந்தவர். ஆனால் அந்தக் கேள்வியில் உடைந்துவிட்டார். குரல்கள் நின்றதையும், சுக்கைக் குறைத்ததையும், உருளியைப் பரணில் ஏற்றச் சொன்னதையும் ஒன்றுவிடாமல் சொன்னார்.

“கை போயிருச்சுன்னு நெனைக்கிறா அம்மணி. எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல.”

கோகிலவாணி அண்ணாந்து அலமாரியின் மேலே பார்த்தாள். அங்கே ஒரு பழுப்புப் பெட்டி இருந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

“உங்க கேள்விக்குப் பதில பார்சல்ல அனுப்பறேனுங்ணா. எதுல போடட்டும்?”

திருமூர்த்தி விளையாட்டு என்று நினைத்தார். குரு விளையாடினால் சீடனும் விளையாட வேண்டியதுதானே.

“ஆபீஸ் டெலிவரிலயே போடுங்க. உங்களுக்கு எதுக்கு வீண் செலவு?”

“சரிங்ணா. அக்கா பேருக்கே போடறேன்.”

அவர் ஊர் திரும்பினார். ஒருநாள் போயிற்று, இரண்டு நாள் போயிற்று, பார்சல் வரக் காணோம். உருளி கழுவிக் கவிழ்த்த மேனிக்கு இருந்தது. பரணில் ஏற்றாமல் அவர் ஏதேதோ சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் நம்பிக்கை இழந்த பிறகு, சிவகாமியின் போனுக்கு அழைப்பு வந்தது. பார்சல் வந்து கிடக்கிறது, சீக்கிரம் எடுக்காவிட்டால் குடோன் வாடகை போடுவோம் என்றது ஒரு குரல்.

திருமூர்த்தி சட்டையை மாட்டிக்கொண்டு தெருக்கோடிக்கு நடந்தார்.

“இங்க அனுப்பறது மட்டுந்தானுங்க,” என்றார் தினமும் அவரிடம் பார்சல் வாங்கும் லாரி ஆபீஸ்காரர். “வந்த பார்சல் எல்லாம் பைபாஸ் குடோன்ல இருக்கும். அங்க போயிருங்க.”

“பைபாஸா? அது ஊருக்கு வெளிய இல்லீங்களா?”

“ஆமாங்க. எல்லா ஊர்லயும் அப்படித்தான்.”

இத்தனை நாள் அனுப்பினவர், வாங்குகிற பக்கத்தைப் பார்த்ததே இல்லை. மொபெட்டை எடுத்துக்கொண்டு போனார். நல்ல வெயில். குடோனில் சாப்பாட்டு நேரம் என்று கதவைச் சாத்தியிருந்தார்கள். நிழலுக்கு ஒரு மரமில்லை. கதவு திறந்ததும் முட்டிமோதி முன்னால் போனார்.

“சிவகாமிங்கறது நீங்களா?” என்றான் உள்ளே இருந்தவன்.

“என் சம்சாரம்.”

“அவங்க வரணும். ரசீதும் இல்லாம, ஆளும் இல்லாம எப்படிங்க தர்றது?”

“அவளுக்கு முழங்கால் வலிங்க. படியே எறங்கமாட்டா.”

“அதுக்கு நாங்க என்னங்க பண்றது? ஊருக்குள்ளதான இருக்கீங்க, கூட்டியாங்க.”

திருமூர்த்தி அப்படியே நின்றார். அந்த வார்த்தையை அவர் எங்கேயோ கேட்டிருந்தார். எங்கே என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ‘இவ்வளவு தூரம் போய் எடுக்கணுங்களா?’ என்று போனில் கேட்ட சில பெண்களுக்கு அவரே சொன்னதுதான். ஊருக்குள்ளதானேம்மா, யாரையாவது அனுப்பி எடுத்துக்கங்க என்று சொல்லிவிட்டுப் போனை வைத்திருக்கிறார். சிவகாமியிடம் அதை அவர் சொன்னதில்லை.

வீட்டுக்குப் போய் அவளை மொபெட்டின் பின்னால் உட்காரவைத்து ஓட்டிவந்தார். குண்டும் குழியுமான பாதை. ஒவ்வொரு குழிக்கும் அவள் அவர் தோளை இறுக்கினாள். குடோன் தளம் லாரி மட்டத்துக்கு உயரமாக இருந்தது. ஏறுவதற்கு இருந்தது ஒரு சாய்ந்த பலகை. அதில் அவரைப் பிடித்துக்கொண்டு, நின்று நின்று ஏறினாள். மூச்சு வாங்கியது. உட்கார இடமில்லை, ஒரு துணிப்பொதியின் மேல் உட்கார்ந்தாள்.

“ஏனுங்க, இப்படித்தான் வந்து வாங்கணுமா?”

“ஆமா.”

“நம்ம லேகியத்தையுமா?”

அவர் ஏறிவந்த பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சிவகாமி அந்தப் பலகையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

“பச்ச ஒடம்புக்காரிங்க, இதுல ஏறியா வாங்குவாங்க?”

திருமூர்த்திக்கு வெட்கமாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டார்.

“யாரும் போன்ல சொல்லலையா உங்ககிட்ட?”

“சொன்னாங்க.”

“நீங்க?”

“ஊருக்குள்ளதானேன்னுட்டேன்.”

அவள் திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “பார்சல வாங்குங்க,” என்றாள்.

கையெழுத்துப் போட்டு, இறக்குகூலி கொடுத்து வாங்கினார்கள். சிவகாமியின் மடியில் வைத்தே பிரித்தார். பெட்டிக்குள் இன்னொரு பெட்டி இருந்தது. பழுப்புப் பெட்டி. அதன்மேல் ஒட்டியிருந்த முகவரி அவருடைய கையெழுத்து. பின்கோடின் கீழே அவர் வழக்கமாகப் போடும் அடிக்கோடுகூட அப்படியே இருந்தது. தாரணி, கரூர். அவர் ஒட்டிய டேப் பிரிபடவே இல்லை.

அவசரமாகப் போன் போட்டார். சிவகாமிக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார்.

“அம்மணி, பார்சல் வந்துருச்சு. உள்ள எங்க பெட்டியே இருக்குது.”

“ஆமாங்ணா. தாரணி என் தங்கச்சி. பாப்பா பொறந்தப்ப அவ பேருக்கு நாந்தான் உங்ககிட்ட ஆர்டர் போட்டேன்.”

சிவகாமி போனைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டாள்.

“கண்ணு, லேகியம் எப்படி இருந்துச்சு? மறைக்காமச் சொல்லு. நான் வருத்தப்படமாட்டேன்.”

“தெரியலைங்க்கா.”

“தெரியலையா?”

“வயித்துல தையலோட கெடந்தாங்க்கா. ஊட்டுக்காரர் வெளியூர்ல. மாமியாருக்குக் கண்ணு தெரியாது. குடோன் வரைக்கும் போக ஆளில்ல. பாப்பாவப் பாக்க நான் போனப்பதான் ரசீதோட நானே போய் எடுத்தேன். அதுக்குள்ள லேகியம் சாப்பிடற நாளெல்லாம் போயிருச்சு. இன்னும் யாரும் அத வாயில வெக்கலைங்க்கா.”

சிவகாமி போனை மடியில் வைத்தாள். கொண்டை ஊசியை உருவி டேப்பைக் கிழித்தாள். பாட்டிலைத் திறந்து, சுண்டுவிரலால் கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். அது சுக்கைக் குறைப்பதற்கு முன்னால் கிண்டியது.

“சுக்கு சரியாத்தான் இருக்குதுங்க,” என்றாள். “நாந்தான் வீணாக் கொறச்சுட்டேன்.”

சொல்லிவிட்டு, துணிப்பொதியின் மேல் உட்கார்ந்தபடியே அழுதாள். பார்சல் வாங்க வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். திருமூர்த்தி அவள் முன்னால் மறைவாக நின்றுகொண்டார். அவருக்கும் கண் கலங்கியது.

கொஞ்சம் பொறுத்து அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பாட்டிலைத் திருப்பிப் பார்த்தாள்.

“இந்தப் பாட்டிலே ஒரு பொணங் கனம் கனக்குது. லேசான டப்பாவுல போட்டா ஊட்டுக்கே கொண்டுபோய்க் குடுக்க மாட்டாங்களா?”

“குடுப்பாங்க.”

“உருளிய எடுத்து அடுப்புல வெய்யுங்க, போனதும்.”

அவர் தலையாட்டினார். மடியில் கிடந்த போன் இன்னும் துண்டிக்கப்படாமல் இருந்தது. அதை எடுத்துக் காதில் வைத்தார்.

“அம்மணி.”

“சொல்லுங்ணா.”

“இத்தன நாள் அவ சோறு தண்ணி எறங்காமக் கெடந்தா. நான் வந்த அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே நீங்க. அந்தப் பெட்டி அன்னிக்கு உங்க அலமாரி மேலதான இருந்துச்சு?”

மறுமுனையில் தோசைக்கல்லைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு கோகிலவாணி மெதுவாகச் சொன்னாள்:

“பதில் அன்னிக்கே என் கையில இருந்துச்சுங்ணா. ஆபீஸ் டெலிவரில போடச் சொன்னது நீங்கதானுங்களே.”